சபைகளின் ஒற்றுமை, நாட்டுக்கான ஜெபம், குடிமகனின் கடமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெவ்வேறு சபைகளைச் சேர்ந்தவர்கள் ஒன்றாகக் கூடி நாட்டுக்காக ஜெபிக்கும் சிறு குழு ஒன்றைச் சில வருடங்களாக நடத்தி வருகிறேன். கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். முடிந்து வாசலுக்கு வந்த பிறகுதான் ஒவ்வொருவராகத் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கிறிஸ்தவ ஒற்றுமைன்னா எல்லா சபையையும் கலைச்சுட்டு ஒரே சபையா ஆக்குறதா?

அப்படியும் நடந்திருக்கிறது. 1919-ல் தரங்கம்பாடியில் ஆரம்பித்த பேச்சு 28 வருடம் நடந்து, 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் அதில் ஒன்றாயின. பேராயர் உள்ள சபைகளும் பேராயர் இல்லாத சபைகளும் ஒரே சபையானது உலகம் முழுக்கக் கவனிக்கப்பட்டது.

ஆனால் பெரும்பாலான இடங்களில் ஒற்றுமை என்றால் அது அல்ல. 1948-ல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கியபோது 147 சபைகள் சேர்ந்தன. எந்தச் சபையும் தன்னைக் கலைத்துக்கொள்ளவில்லை. ஒருவரையொருவர் கிறிஸ்துவுக்குச் சொந்தமானவர்களாக ஏற்றுக்கொள்வது, சேர்ந்து ஜெபிப்பது, சேர்ந்து செய்ய முடிகிற நன்மையைத் தனியாகச் செய்யாமலிருப்பது. இந்தப் பக்கத்தில் ஒற்றுமை என்று நான் சொல்வது இதைத்தான்.

யோவான் 17-ல் இயேசு தம் சீடர்கள் ஒன்றாயிருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம், பிதாதான் தம்மை அனுப்பினார் என்று உலகம் நம்ப வேண்டும் என்பது. நாம் பலமாக வேண்டும், நம் எண்ணிக்கை தெரிய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டு பற்றிய கேள்விகள் வரும்போது இந்த இடத்துக்குத் திரும்பி வருவேன்.

பிரிஞ்சே இருந்தா என்ன நஷ்டம்? அவங்கவங்க சபையில அவங்கவங்க கும்பிடட்டுமே.

தென்னாப்பிரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே டச்சு சீர்திருத்தச் சபையில் சில வெள்ளைக்காரர்கள் கறுப்பின விசுவாசிகளோடு ஒரே திருவிருந்தில் பங்கெடுக்க மனமில்லாமல் இருந்தார்கள். 1857-ல் கூடிய சபையின் பேரவை, எல்லாரும் சேர்ந்து ஆராதிப்பதே வேதத்துக்கு ஏற்றது என்று ஒத்துக்கொண்டது. ஆனாலும் "சிலருடைய பலவீனத்தினிமித்தம்" தனித்தனியாக ஆராதிக்கலாம் என்று அனுமதித்தது. 1881-ல் கலப்பினத்தவருக்கு என்று தனிச் சபையே வந்துவிட்டது. 1948-ல் இன ஒதுக்கல் அந்த நாட்டின் அரசுக் கொள்கையானபோது, அதற்கு வேதவசனம் தேடிக் கொடுத்தவர்களில் அந்தச் சபையின் இறையியலாளர்களும் இருந்தார்கள்.

ஒரு மேசையில் உட்கார மாட்டேன் என்று சபைக்குள் சொன்ன சொல், 90 வருடத்தில் பேருந்து, பள்ளிக்கூடம், கடற்கரை வரைக்கும் போய்விட்டது. அதே மரபில் ஒதுக்கப்பட்ட சபைதான் 1982-ல் பெல்ஹார் விசுவாச அறிக்கையை எழுதி, 1986-ல் ஏற்றுக்கொண்டது. நீதியைப் பற்றிப் பேச வந்த அந்த அறிக்கை, முதலில் பேசுவது சபையின் ஒற்றுமையைப் பற்றி. அந்த வரிசையை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சபைக்குள் நாம் சகித்துக்கொள்ளும் பிரிவினையை, நாட்டில் எதிர்த்துப் பேச நமக்கு வாய் வராது.

மற்ற சபைக்காரங்களோட ஜெபிச்சா நம்ம விசுவாசம் கலந்துடாதா? எங்க பாஸ்டர் வேண்டாம்னு சொல்றார்.

சேர்ந்து ஜெபிப்பது வேறு, உபதேசம் எல்லாவற்றிலும் ஒத்துப்போவது வேறு. குழந்தை ஞானஸ்நானம், முழுக்கு, அந்நியபாஷை, மரியாள், இவற்றில் எல்லாம் எங்கள் குழுவில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. யாரும் அதை மறைப்பதில்லை. நாட்டுக்காகக் கண்ணீரோடு ஜெபிக்க அது குறுக்கே நின்றதில்லை.

பெரிய சபைகளே எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்று பாருங்கள். 1054-ல் ரோமும் (கத்தோலிக்கத் தலைமை) கான்ஸ்டான்டினோபிளும் (கிழக்கு ஆர்த்தடாக்ஸ் தலைமை) ஒன்றையொன்று சபித்து விலக்கிய ஆணைகளை, 1965 டிசம்பர் 7 அன்று இரு தரப்பும் நீக்கின. லூத்தரன்களும் கத்தோலிக்கர்களும் எந்த விஷயத்தில் பிரிந்தார்களோ அதே நீதிமானாக்கப்படுதல் (தேவன் பாவியை நீதிமானாக ஏற்றுக்கொள்வது) பற்றி, 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். வேறுபாடு முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட முடிந்தது.

உங்கள் பாஸ்டரை மீறி வாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவரிடம் போய், என்ன பயம் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆடுகளை இழுத்துக்கொள்வார்களோ என்பதுதான் பயம். அது நியாயமான பயம். சில இடங்களில் அப்படி நடக்கவும் செய்திருக்கிறது. எங்கள் குழுவில் யாரையும் சபை மாறச் சொல்லக் கூடாது என்பது முதல் விதி. அப்புறம், திருவிருந்து அல்லது நற்கருணையில் யார் பங்கெடுக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு சபைக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதை மதித்து, ஜெபத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ஜனவரியில ஒற்றுமை வாரம்னு ஒண்ணு வருதே, அது என்ன?

ஜனவரி 18 முதல் 25 வரை. 1908-ல் பால் வாட்சன் என்ற அமெரிக்கத் துறவி தொடங்கினார். அப்போது அவர் ஆங்கிலிக்கன் மரபில் இருந்தார். அடுத்த வருடம் கத்தோலிக்கரானார். 1968-லிருந்து கத்தோலிக்கத் திருச்சபையும் உலகத் திருச்சபைகள் மன்றமும் சேர்ந்து அதற்கான ஜெபங்களைத் தயாரிக்கின்றன. பூமியின் தென்பாதி நாடுகள் பலவற்றில் ஜனவரி விடுமுறைக் காலம் என்பதால், பெந்தெகொஸ்தே திருநாளை ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

சேர்ந்து ஜெபிக்கும்போது எந்த வார்த்தையில ஜெபிக்கிறது? கர்த்தருடைய ஜெபமே ஆளுக்கொரு மாதிரி சொல்றாங்களே.

எங்கள் முதல் கூட்டத்திலேயே இது நடந்தது. பாதிப் பேர் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்தார்கள். மீதிப் பேர் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்றார்கள். இரண்டு ஓட்டமும் முட்டி மோதி நடுவில் குரல்கள் தேய்ந்துபோயின. முடிவில் இன்னொரு தடுமாற்றம். கத்தோலிக்கர்கள் "தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்" என்றதும் ஆமென் சொல்லி முடித்துவிட்டார்கள். மற்றவர்கள் "ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்" என்று தொடர்ந்தார்கள். ஆமென் சொன்ன ஒரு அக்கா, சட்டென்று மறுபடி கண்ணை மூடி, அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்து இரண்டாவது முறையும் ஆமென் சொன்னார். நான் ஒற்றுமையைப் பற்றிக் கேட்ட எந்தப் பிரசங்கத்தையும்விட அந்த இரண்டாவது ஆமென் எனக்குள் ஆழமாகப் பதிந்தது.

இப்போது ஒரு வாரம் ஒரு வடிவம், அடுத்த வாரம் மற்றது என்று மாற்றி மாற்றிச் சொல்கிறோம். தமிழில் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து உழைத்து 1995-ல் வெளியிட்ட திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு இருக்கிறது. வாசிப்புக்கு அதையும் எடுக்கிறோம், பழைய மொழிபெயர்ப்பையும் எடுக்கிறோம். பிதா என்றாலும் தந்தை என்றாலும் அழைக்கப்படுகிறவர் ஒருவரே என்பது வாயில் பழகப் பழகத்தான் மனதில் இறங்குகிறது.

நாட்டுக்காக ஜெபிங்கன்னா என்னன்னு ஜெபிக்கிறது? "தேசத்தை ஆசீர்வதியும்"னு சொன்னதுக்கு அப்புறம் வார்த்தை வர மாட்டேங்குது.

பெயர் இல்லாத ஜெபம் சீக்கிரம் தீர்ந்துவிடும். 1 தீமோத்தேயு 2-ல் ராஜாக்களுக்காகவும் அதிகாரத்தில் உள்ள எல்லாருக்காகவும் ஜெபிக்கச் சொல்லியிருக்கிறது. அந்த "எல்லாரும்" யார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் பகுதியின் மக்கள் பிரதிநிதி, நீதிபதிகள், சிறைக் காவலர்கள், அரசு மருத்துவமனையின் இரவு நேர செவிலியர்கள், வாக்குச்சாவடியில் உட்காருகிற ஊழியர்கள். எழுத எழுத ஜெபம் தானாக நீளும்.

தானியேல் 9-ஆம் அதிகாரத்தையும் படித்துப் பாருங்கள். தன் ஜனத்தின் பாவத்தை அறிக்கையிடும்போது "அவர்கள்" என்று தானியேல் சொல்லவில்லை, "நாங்கள்" என்கிறார். நாட்டில் லஞ்சம் ஒழிய வேண்டும் என்று ஜெபிக்கிறவர், தான் கடைசியாக எப்போது கொடுத்தார் என்பதையும் அந்த ஜெபத்தில் சேர்க்கலாம். எங்கள் குழுவில் ஒருவர் ஒருமுறை அப்படி வாய்விட்டு ஜெபித்தார். அதன்பின் சில நிமிடம் யாராலும் பேச முடியவில்லை.

எனக்குப் பிடிக்காத தலைவருக்காக நான் ஏன் ஜெபிக்கணும்?

ரோமர் நிருபம் எழுதப்பட்ட காலத்தில் அரியணையில் இருந்தவன் நீரோ. தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபம் சொல்லும் ராஜாக்களில் ஒருவர்கூட கிறிஸ்தவர் இல்லை. எரேமியா 29-ல், சிறைப்பட்டுப் போன யூதர்களிடம் பாபிலோனின் சமாதானத்துக்காக ஜெபிக்கச் சொல்லப்படுகிறது. எருசலேமைச் சூறையாடிய அதே பாபிலோன்தான்.

ஒருவருக்காக ஜெபிப்பது அவர் செய்வதற்கெல்லாம் தலையாட்டுவது அல்ல. அவருக்கு நல்ல ஆலோசகர்கள் கிடைக்க வேண்டும், கெட்ட யோசனைகள் தோற்க வேண்டும், அவர் மனம் திரும்ப வேண்டும் என்று ஜெபிப்பதும் அவருக்கான ஜெபம்தான். இதில் நமக்கும் ஒரு நன்மை உண்டு: தினமும் யாருக்காக ஜெபிக்கிறோமோ அவரை வெறுத்துக்கொண்டே இருப்பது கஷ்டம்.

"அவசரமா தேசத்துக்காக ஜெபியுங்கள்"னு வாட்ஸ்அப்ல வர்றதை உடனே அனுப்பலாமா?

அனுப்புவதற்கு முன் சரிபாருங்கள். ஏதோ ஒரு நாட்டில் மிஷனரிகளுக்கு நாளை மரண தண்டனை என்ற வகைச் செய்தி வருடக்கணக்கில், "நாளை" என்ற சொல் மாறாமலேயே சுற்றி வருகிறது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையில் ஜெபக் குறிப்புகளுக்கு விலக்கு கிடையாது. இன்னொரு மதத்தவரைப் பற்றியோ இன்னொரு சபையைப் பற்றியோ வரும் செய்தி என்றால் இரண்டு மடங்கு எச்சரிக்கை வேண்டும்.

ஜெபம் பண்ணினா போதாதா? ஓட்டு, மனு, கூட்டம் எல்லாம் உலகக் காரியம்தானே. நம்ம குடியிருப்பு பரலோகத்துல இருக்கே.

நம் குடியிருப்பு பரலோகத்தில் என்று பிலிப்பியருக்கு எழுதிய அதே பவுலை, அதே பிலிப்பி பட்டணத்தில் பாருங்கள். விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் சத்தமில்லாமல் போய்விடச் சொன்னபோது, அவர் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லி, அதிகாரிகளே நேரில் வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்றார் (அப்போஸ்தலர் 16). எருசலேமில் கட்டி அடிக்கப் போனபோதும் சட்டத்தைக் கேட்டார். கடைசியில் இராயனிடம், அதாவது ரோமப் பேரரசனிடம், மேல்முறையீடும் செய்தார். பரலோகக் குடிமகனாக இருப்பது, பூமியில் தன் உரிமையைச் சட்டப்படி கேட்க அவருக்குத் தடையாக இல்லை.

எனக்கு இதில், பாரசீக ராஜாவின் அரண்மனையில் வேலை பார்த்த யூதரான நெகேமியாவைத்தான் ரொம்பப் பிடிக்கும். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்று கேட்டதும் உட்கார்ந்து அழுது, உபவாசித்து ஜெபிக்கிறார். பிறகு ராஜா "உனக்கு என்ன வேண்டும்" என்று கேட்ட கணத்தில், மனதுக்குள் ஒரு ஜெபம். உடனே வாயில் கோரிக்கை. விடுப்பு எத்தனை நாள், வழியில் காட்ட வேண்டிய கடிதங்கள், மரத்துக்கு வனக் காவலனுக்கு ஒரு கடிதம், எல்லாமே அவரிடம் தயாராக இருந்தது. மூன்றாம் அதிகாரத்தில் யார் எந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்ற நீளமான பட்டியல் வரும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நிதானமாகப் படித்தால், பலரும் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மதிலைக் கட்டியிருப்பது தெரியும். சல்லூம் என்பவர் தன் மகள்களோடு கட்டினார். தெக்கோவா ஊரின் பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்று அவர்கள் பெயரும் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது.

வீட்டுக்கு எதிரே உள்ள மதில் என்றால் இன்றைக்கு என்ன? வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர், பக்கத்து வீட்டு முதியவரின் பெயர். பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் கூட்டம். ஒழுங்காகக் கட்டும் வரி. வரியை மறைத்துவிட்டு நாட்டுக்காக உபவாசம் இருக்கிறவர்கள், அநியாயத்தை விடாத உபவாசத்தைக் கண்டிக்கும் ஏசாயா 58-ஐ ஒருமுறை சத்தமாக வாசிக்கலாம்.

ரோமர் 13 சொல்றபடி அரசாங்கம் என்ன சொன்னாலும் கீழ்ப்படியணும்தானே?

ரோமர் 13-ஐ அப்போஸ்தலர் 5:29-லிருந்து பிரித்து வாசிக்கக் கூடாது. மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிட தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்று பேதுருவும் மற்ற அப்போஸ்தலரும் யூதர்களின் ஆலோசனைச் சங்கத்தின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஆனால் அப்படிச் சொன்னவர்கள் ஓடி ஒளியவில்லை, யாரையும் திருப்பி அடிக்கவில்லை, தண்டனையைத் தாங்கிக்கொண்டார்கள்.

எங்கே கோடு போடுவது? அரசு தனக்கு உரியதைக் கேட்டால் கொடுக்க வேண்டும். தேவனுக்குரியதைக் கேட்டால், அல்லது பலவீனனை நசுக்க நம் கையைக் கேட்டால், மறுக்க வேண்டும். 1934 மே மாதம் ஜெர்மனியில் பார்மன் நகரில் லூத்தரன், சீர்திருத்த, ஐக்கிய சபைகளின் பிரதிநிதிகள் கூடி, சபை கேட்க வேண்டிய ஒரே வார்த்தை இயேசு கிறிஸ்துவே என்று அறிக்கையிட்டார்கள். ஹிட்லரின் ஆதரவாளர்கள் சபையைக் கைப்பற்றிக்கொண்டிருந்த நேரம் அது. மூன்று மரபினர் ஒரே குரலில் பேசினார்கள் என்பதில் அதன் பலம். யூதர்கள் படும் பாட்டைப் பற்றி அந்த அறிக்கை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது அதன் பெரிய குறை. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

போதகர் மேடையிலிருந்து "இன்னாருக்கு ஓட்டுப் போடுங்க"ன்னு சொல்லலாமா?

கூடாது என்பது என் உறுதியான கருத்து. பல நாடுகளில் சட்டமும் இதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சட்டம் அனுமதித்தாலும் கூடாது.

1 ராஜாக்கள் 22-ல் ஆகாப் ராஜாவுக்கு ஏறக்குறைய 400 தீர்க்கதரிசிகள் இருந்தார்கள். போருக்குப் போகலாமா என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் "போங்கள், ஜெயம்" என்றார்கள். மிகாயா ஒருவர்தான் உண்மையைச் சொன்னார். சிறைக்குப் போனார். ஒரு தலைவருக்காக மேடையில் வாக்குக் கேட்ட போதகர், நாளைக்கு அந்தத் தலைவர் தப்பு செய்யும்போது மிகாயாவாக நிற்க முடியுமா? நீதி, ஏழைகள், உண்மை, உயிரின் மதிப்பு பற்றி அவர் தாராளமாகப் பேசட்டும். அதை வைத்து யாருக்கு என்று முடிவெடுப்பது உங்கள் மனசாட்சியின் வேலை.

கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் ஓட்டுப் போட்டாத்தானே நம்மளை மதிப்பாங்க? அதுதானே உண்மையான ஒற்றுமை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்களின் பயமும் புரிகிறது. ஆனால் முதல் கேள்வியில் பார்த்த யோவான் 17-க்குத் திரும்புங்கள். உலகம் நம்ப வேண்டும் என்பதற்காகக் கேட்கப்பட்ட ஒற்றுமையை, நமக்குப் பங்கு கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பயன்படுத்தினால், பார்க்கிறவர்கள் எதை நம்புவார்கள்? இவர்களும் பேரம் பேசுகிற ஒரு கூட்டம் என்று நம்புவார்கள்.

சேர்ந்து எதற்காகக் குரல் கொடுக்கலாம் என்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1787 மே மாதம் லண்டனில் அடிமை வியாபாரத்தை ஒழிக்க 12 பேர் ஒரு குழு அமைத்தார்கள். 9 பேர் குவேக்கர்கள் (அரசுத் திருச்சபைக்கு வெளியே இருந்த ஒரு சிறு கிறிஸ்தவக் குழுவினர்), 3 பேர் ஆங்கிலிக்கன்கள். குவேக்கர்களால் அந்தக் காலத்தில் நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது. ஆங்கிலிக்கன்களால் முடியும். ஒருவருக்கு இல்லாத வழியை மற்றவர் திறந்தார். அவர்கள் கேட்டது தங்கள் சபைகளுக்கான சலுகை அல்ல. கடலுக்கு அப்பால் சங்கிலியில் கிடந்த, முகம் தெரியாத மனிதர்களின் விடுதலை. மற்றவர்களுக்காகக் கேட்கும்போது ஒன்றாக நிற்போம். அந்த ஒற்றுமையில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு நாடு முழுக்கக் கிறிஸ்தவ நாடா ஆயிட்டா எல்லாம் சரியாயிடாதா?

1994-ல் ருவாண்டாவின் மக்களில் பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்கள். அங்கே சுமார் 100 நாட்களில் லட்சக்கணக்கானோர், பெரும்பாலும் துட்சி இனத்தவர், கொல்லப்பட்டார்கள். தஞ்சம் தேடி ஆலயங்களுக்குள் ஓடியவர்கள் ஆலயங்களுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களும் அதே ஞாயிறு ஆராதனைகளில் பாடியவர்கள். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு என்னால் எழுத முடியவில்லை. இரண்டாவது கேள்வியின் பதிலை இன்னொரு முறை வாசியுங்கள்.

பொதுக் காரியத்துல பிற மதத்தவரோட சேர்ந்து வேலை செய்யலாமா?

சேரலாம், சேரவும் வேண்டும். நல்ல சமாரியன் கதையில் உதவியவன், அடிபட்டுக் கிடந்தவனின் மதம் என்ன என்று கேட்கவில்லை. உதவியவனே வேற்று வழிபாட்டைச் சேர்ந்தவன். குடிநீர், பள்ளிக்கூடம், வெள்ள நிவாரணம் எதற்கும் மதம் கிடையாது. விசுவாசத்தை மறைக்கவும் வேண்டாம், உதவியைத் தூண்டிலாக்கவும் வேண்டாம்.

எங்க ஜெபக் குழுவுக்குள்ளேயே ரெண்டு கட்சிக்காரங்க. தேர்தல் வந்தா முகம் பாக்க மாட்டேங்குறாங்க.

இயேசுவின் பன்னிருவரில் ரோம ஆட்சிக்கு வரி வசூலித்த மத்தேயுவும் இருந்தார், செலோத்தே (ரோம ஆட்சியை எதிர்த்த தீவிரப் பற்றாளர்களுக்கு வழங்கிய பெயர்) என்று அழைக்கப்பட்ட சீமோனும் இருந்தார். இருவரும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள்.

நடைமுறையில் எங்களுக்கு உதவியது ஒன்று. தேர்தல் மாதத்தில், ஒவ்வொருவரும் தான் ஓட்டுப் போட விரும்பாத வேட்பாளருக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும் என்று வைத்தோம். முதல் வாரம் ஒருவர் வாயைத் திறக்கவே இல்லை. மூன்றாவது வாரம் அந்த வேட்பாளரின் உடல்நலம் சரியில்லாத தாயாருக்காக ஜெபித்தார். ஓட்டை மாற்றியிருக்க மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

இத்தனை வருஷமா ஜெபிக்கிறோம், ஒண்ணுமே மாறலையே. இன்னும் எத்தனை நாள்?

எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. மேலே சொன்ன கணக்குகளைப் பாருங்கள்: தென்னிந்திய ஐக்கியத்துக்கு 28 வருடம். லண்டன் குழு கூடியதிலிருந்து அடிமை வியாபாரத் தடைச் சட்டத்துக்கு 20 வருடம். பிரிட்டனின் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833-ல்தான் வந்தது. தொடங்கியவர்களில் பலர் முடிவைப் பார்க்கவில்லை.

அன்றைய கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் புனித நிக்கோலா ஆலயத்தில் 1982 முதல் திங்கட்கிழமை மாலை 5 மணிக்கு சமாதான ஜெபம் நடந்தது. கம்யூனிஸ்ட் அரசு கண்காணித்துக்கொண்டே இருந்தது. விரல்விட்டு எண்ணிவிடும் அளவுக்கு ஆட்கள் வந்த திங்கட்கிழமைகளும் உண்டு. 1989 அக்டோபர் 9 அன்று ஆலயங்கள் நிறைந்து, தெருவில் சுமார் 70,000 பேர் நடந்தார்கள். ஆயுதத்தோடு படைகள் நின்றன. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. அந்த ஜெபங்களை நடத்தியவர்கள் கையில் மெழுகுவர்த்தி ஏந்திச் செல்லச் சொல்லியிருந்தார்கள். மெழுகுவர்த்தியைப் பிடிக்க ஒரு கை வேண்டும், காற்றில் அணையாமல் மறைக்க இன்னொரு கை வேண்டும். கல் எடுக்கக் கை மிச்சம் இருக்காது.